சிவப்புப் பொட்டு வைத்த தம்ளர்

ஜனவரி 11

பள்ளிக்கூடத்தில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடக்கிறது. வீணாகப் போவானேன் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கு என்கூடத் தங்கியிருக்கிற ஆவுடை என்னை மறுபடியும் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனாள். போன ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, இப்போது இது. எதற்கு என்று முதல் தடவையே கேட்டேன். “ஒடம்புக்கு நல்லதுட்டி. எங்க காலேஜ்ல எல்லாரும் போட்டாச்சு” என்றாள். எனக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நர்ஸ் சொன்ன எதையும் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற வடிவு டீச்சர் இந்த லட்சணத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறும்.

முடிந்ததும் வழக்கம்போல அல்வா வாங்கிக் கொடுத்தாள், இலையில், கை பொறுக்காத சூட்டோடு. “இதோட முடிஞ்சிது. இனிமே ஊசி கெடையாது” என்றாள். ஊசி போட்டது எனக்கு. பெருமூச்சு விட்டது அவள்.

ஜனவரி 19

ஆவுடையோடு சண்டை. நகவெட்டிக்காக.

என்னுடையது எங்கேயோ தொலைந்துவிட்டது. அவளுடையது பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டி பூட்டியிருக்கிறது. ஒரு நிமிஷம் கொடு என்று கேட்டால், “அது வேண்டாம், கடையில வேற வாங்கிக்கோ” என்கிறாள். நகவெட்டிக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? பாளையங்கோட்டையில் இந்த மாடி வீட்டில் மூன்று வருஷமாக ஒன்றாக இருக்கிறோம். அவள் ரசத்தை நான் குடிக்கிறேன், என் குழம்பை அவள் ஊற்றிக்கொள்கிறாள். எனக்குக் காய்ச்சல் என்றால் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துத் தருவாள், அவள் நூலகராக இருக்கிற நூலகம் பூட்டிக் கிடந்தாலும் சரி. நகவெட்டி என்றால் மட்டும் கஞ்சப் பிசினாரி.

ஊக்கிலும் இதே கதைதான். என் ஊக்கு டப்பா வேறு, அவள் ஊக்கு டப்பா வேறு. அவளுடைய ஒவ்வொரு ஊக்கிலும் பச்சை நூல் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறாள். காலையில் என் சேலைக்குத் தோளில் மடிப்பு எடுத்து, ஊக்குக் குத்திவிடுவது அவள்தான். அதற்கும் என் டப்பாவிலிருந்துதான் ஊக்கு எடுப்பாள். ஒரு ஊக்குக்கூடத் தரமாட்டாளாம்.

மத்தியானம் கடைக்குப் போய் அவளே புது நகவெட்டி வாங்கி வந்து என் மேஜையில் வைத்திருந்தாள். நான் நன்றி சொல்லவில்லை.

பிப்ரவரி 4

ஆவுடைக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது.

பிப்ரவரி 8

பல்லைப் பிடுங்கக் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

நாற்காலியில் சாய்ந்ததும் அவள் டாக்டரிடம் சொன்னாள்: “மொதல்லயே சொல்லிருதேன் டாக்டர். எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. எங்கம்மாகிட்டருந்து பொறக்கும்போதே வந்தது. மாத்திர சாப்பிடுதேன், அப்பப்ப ஸ்கேன் எடுக்கேன்.” டாக்டர், “சொன்னது நல்லதும்மா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார். நான் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். வாய் நிறையப் பஞ்சு, பஞ்செல்லாம் ரத்தம். ஏதோ சொல்ல வந்தாள். “வழிவு... ஒங்கிட்ழ...” என்று குழறினாள். எனக்கு அந்தப் பஞ்சைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவில் ஏறிவிட்டேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? என் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரி 9

எல்லாத் தம்ளரும் ஒரே மாதிரி இருப்பதால் மாறிப்போகிறது. அதனால் அவளுக்கு ஒரு தம்ளரும் ஒரு தட்டும் ஒதுக்கி, அடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். வேறொன்றும் இல்லை. நிறைய வீடுகளில் ஆளுக்கு ஒரு தம்ளர் வைத்துக்கொள்வதுதான்.

ஆவுடை தம்ளரை எடுத்தாள். அடியில் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் பிடித்து, அண்ணாந்து, எப்போதும்போல உதட்டில் படாமல் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அவள் வாய் வைத்துக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 12

மடிப்பு சரியாக வரவில்லை. நானே குத்தினேன். ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர், “என்ன வடிவு, தோள்ல சேல நொண்டுது?” என்று கேட்டார். அவசரம் என்றேன்.

பிப்ரவரி 14

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஆவுடை அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“வடிவு, ஒரு விஷயம் சொல்லணும். நீ பயப்படாண்டாம், ஏன்னா...”

“எனக்கு என்னட்டி பயம்? யார் சொன்னா பயம்னு?”

“இல்ல, கேளு...”

“தலவலிக்கி. பொறவு பேசுவோம்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தேங்காய் பாதியில் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துருவுகிற சத்தம் கேட்டது. துருவி முடித்து மூடி வைத்திருந்தாள். அந்தத் தேங்காயை நான் குழம்பில் போடவில்லை. எங்கே போட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை.

பிப்ரவரி 22

விடைத்தாள் திருத்தினேன். நான் எடுத்த கேள்வித்தாள்தான், ஜனவரியிலேயே எடுத்தது. ஏழாவது கேள்வி: ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது?

பரிமளா என்று ஒரு பெண். நன்றாகப் படிக்கிறவள். எழுதியிருக்கிறாள்: “நோயாளி குடித்த தம்ளரில் குடித்தால் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவும். பக்கத்தில் இருந்தால் பரவும்.” தப்பு, தப்பு, தப்பு என்று அடித்தேன். ஓரத்தில், “பாடத்தை ஒழுங்காகப் படி. ரத்தம் மூலம் பரவும். ஒருவர் பல் துலக்கும் பிரஷ், பிளேடு, நகவெட்டி, ஊசி இவற்றை மற்றவர் பயன்படுத்தினால் ஆபத்து. சேர்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ வராது” என்று சிவப்பு மையில் எழுதினேன்.

எழுதி முடித்ததும் நகவெட்டி என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. அடுக்களையில் சிவப்புப் பொட்டு வைத்த தம்ளர் கவிழ்ந்திருந்தது.

பாடம் வேறு, வீடு வேறு. மிச்சத் தாள்களை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

மார்ச் 1

நானாகச் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பகவதி அக்கா மொட்டை மாடியில் வற்றல் காயப்போட வந்தார். கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மா அவர். கழுவிய பாத்திரங்களைக் கூடையோடு வெயிலில் வைத்திருந்தேன். ஒரு தம்ளரை எடுத்துத் திருப்பினார்.

“என்ன டீச்சர், இதுல மட்டும் செவப்புப் பொட்டு வச்சிருக்கிய?”

“அது ஆவுடைக்கு.”

“அவளுக்கு எதுக்குத் தனியா?”

மாறிப்போகாமல் இருக்க என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். நான், “அவளுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்லக்கா” என்றேன். என்ன, ஏது என்று துருவினார். அவர் கேட்கக் கேட்க வார்த்தை தானாக வந்துவிட்டது. சொல்லும்போது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. பாவம் டீச்சர் நீங்க, என்று என் தோளைத் தொட்டார். அந்த அனுதாபம் எனக்குப் பிடித்திருந்தது.

தம்ளரைக் கூடையில் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 3

பகவதி அக்கா என்னைக் கீழே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். எப்போதும்போல வெள்ளிப் பூண் போட்ட அந்தப் பெரிய தம்ளரில்.

“எங்க வீட்டுல பேரன் பேத்தி வந்து போற எடம் டீச்சர். அந்தப் புள்ளய வேற எடம் பாக்கச் சொல்லிருதேன். நீங்க இருங்க, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

ஒரே படிக்கட்டில் நடப்பதால் யாருக்கும் வராது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல என் வாயில் பதில் தயாராக இருந்தது, விடைத்தாளில் எழுதின அதே பதில். நான் காபியைக் குடித்தேன். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

மார்ச் 4

ஆவுடை கேட்டாள்: “நீதான் சொன்னியா?”

“அவியளா கேட்டாவ.”

“சரி” என்றாள். ரசம் வைத்து எனக்கும் எடுத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். ரசம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 9

போய்விட்டாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம், வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி.

போகிறதற்கு முன்னால் குளியலறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அவள் எப்போதும் அப்படித்தான். போன வருஷம் அருவாமணையில் விரலை அறுத்துக்கொண்டபோது நான் துணியோடு ஓடினேன். கிட்ட வராதே என்று கத்தினாள். கட்டும் அவளே போட்டுக்கொண்டு, தரையையும் அவளே பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். அன்றைக்கு அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன்.

வாசலில் நின்று சொன்னாள்: “கட்டிலுக்கடியில எல்லாம் கூட்டிட்டேன். அப்படியும் என் ஊக்கு ஏதும் கெடந்தா எடுத்துச் சொருகிராத. பேப்பர்ல சுத்தித் தூரப் போட்டுரு. என்ன?”

“ம்.”

“தம்ளர் இங்கயே இருக்கட்டும். அது ஒங்கம்ம வாங்கித் தந்தது.”

அவள் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பகவதி அக்கா படியில் பினாயில் ஊற்றிக் கழுவ ஆரம்பித்துவிட்டார். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை அறைக்குள் வந்தது.

மார்ச் 11

ரசம் வைத்தேன். வாயில் வைக்க விளங்கவில்லை.

மார்ச் 17

குத்திவிட்டது.

இன்று ஆண்டு விழா, பட்டுச் சேலை. மடிப்பு நிற்கவில்லை, நேரமாகிவிட்டது. என் டப்பா காலி. அலமாரி இடுக்கில் ஒரு ஊக்குக் கிடந்தது. பார்க்காமல் எடுத்துச் சொருகினேன், கட்டை விரலில் ஏறிவிட்டது. ரத்தம். துடைத்துவிட்டுப் பார்த்தால் பச்சை நூல்.

தட்டைப் பிரித்தேன், தம்ளரைப் பிரித்தேன், தேங்காயைக் கொட்டினேன். இத்தனை செய்தவள் எந்தப் பொருளில் ஆபத்து இருக்கிறதோ அதை எடுத்துச் சொருகியிருக்கிறேன். அவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது இதைத்தான்.

விழாவுக்குப் போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். “தடுப்பூசி போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “டீச்சர்ங்கறீங்க, போட்டுக்கலையா?” என்றார். ரத்தம் எடுத்தார்கள். அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்காகத்தான்.

மார்ச் 18

டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா பொய் சொன்னீங்க? நோய் இல்ல. எதிர்ப்புச் சக்தி நெறைய இருக்கு. இது ஊசி போட்டதால வந்தது. மூணு தவணையும் ஒழுங்கா போட்டிருப்பீங்க போல. இனி அந்த ஊக்கு குத்தினாலும் பயம் இல்ல.”

“நான் எந்த ஊசியும்...” என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

ஆடி. ஆவணி. மார்கழி. இலையில் சூடான அல்வா.

மார்ச் 19

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20

அவள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஒரு மனசு சொல்கிறது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்னொரு மனசு கேட்கிறது. பிப்ரவரிப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். பதில் அதில் இருக்கிறது.

மார்ச் 23

விடுதிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி. எனக்கே அபத்தமாக இருந்தது.

பார்வையாளர் அறையில் ஆவுடை வந்து உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஊக்குக் குத்தியதையும், ரத்தப் பரிசோதனையையும், டாக்டர் சொன்னதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குத்தியது என்றதும் என் கட்டை விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

“அன்னைக்கு அடுக்களையில வந்து இதத்தானட்டி சொல்ல வந்த?”

“ஆமா. ஒனக்கு ஊசி போட்டாச்சு, பயப்படாண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்.”

“நான் கதவ சாத்துனா என்ன, கதவுக்கு வெளிய நின்னு சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருக்கலாம். அப்பந்தான் தோணிச்சு. ஊசி போட்டுருக்கோம்னு தெரிஞ்சா நீ பொட்ட அழிச்சிருவ. மறுபடியும் சேந்து சாப்பிடுவ. ஆனா அது ஊசிய நம்பி. என்ன நம்பி இல்ல.” குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்தாள். “ஊசி எதுக்குன்னு சொல்லாம கூட்டிட்டுப் போனது என் தப்புதான். சொன்னா நீ ஓடிருவேன்னு பயந்தேன். பயந்தது சரியாத்தான் போச்சு.”

மேஜையில் அவளுடைய தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை எடுத்தேன். அண்ணாந்து குடிக்காமல், வாய் வைத்து, மடமடவென்று குடித்தேன். குடிக்கும்போது பெரிதாக என்னமோ செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டர் சொன்ன பொறவு குடிக்கதுல என்னட்டி இருக்கு?” என்றாள்.

தம்ளரைக் கீழே வைத்தேன். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அவள் என்னைத் தேற்றவில்லை. திரும்பி வந்துவிடு என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்கிற மாதிரி.

“பகவதி அக்காட்ட நீதான சொன்ன? நீயே போயி மாத்திச் சொல்லு. புள்ளைகளுக்கு நடத்துதல்லா, அத அவியளுக்கு நடத்து. வாரதப் பத்தி அப்புறம் பாப்போம்.”

பழத்தை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 24

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மேலே ஏறாமல் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏறினால் இறங்கமாட்டேன் என்று தெரியும்.

பகவதி அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். ஆவுடை தம்ளரில் குடித்தால் வராது. தட்டில் சாப்பிட்டால் வராது. படியில் நடந்தால், பிள்ளைகளைத் தூக்கினால் வராது. நான் பொட்டு வைத்தது அறியாமைகூட இல்லை, அறிந்தே செய்த கேவலம். அவளால் எனக்கு ஒன்றும் வரவில்லை, ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது, வரக்கூடாது என்று அவளே எனக்கு ஊசியும் போட்டுவிட்டிருக்கிறாள். தப்பு என் மேல். அவளைத் திரும்ப வரச் சொல்லுங்கள்.

அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். குறிப்பாக என் கண்ணை, மஞ்சளாக இருக்கிறதா என்று.

“அதுக்கு எதுக்கு டீச்சர் நீங்க ரத்தம் டெஸ்ட் பண்ணுனிய?”

“சும்மா, சந்தேகத்துக்கு...”

“ம். ஒங்களுக்கும் சந்தேகம் வந்திருக்குல்லா.” எழுந்தார். “இருங்க, காபி கொண்டாரேன்.”

உள்ளே கொஞ்ச நேரம் ஏதோ உருட்டுகிற சத்தம். அப்புறம் வந்தார். காபியைக் கையில் கொடுக்காமல் எனக்கு முன்னால் தரையில் வைத்தார். பேப்பர் கப். அவர் பேத்தி பிறந்தநாளுக்கு வாங்கியதில் மிச்சம், பலூன் படம் போட்டது. வெள்ளிப் பூண் போட்ட தம்ளர் அலமாரியில் கண்ணுக்கு நேரே இருந்தது.

குடித்தேன். காபி எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது. இதைத்தான் நான் அவளுக்குத் தினமும் கொடுத்தேன். அவள் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் குடித்தாள். கப்பை எங்கே போட என்று கேட்டேன். “வெளிய போகும்போது கொண்டு போயிருங்க டீச்சர்” என்றார் அக்கா.

மேலே வந்து ஆவுடைக்குப் போன் செய்தேன்.

“சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்.”

“என்ன சொன்னாவ?”

“யோசிக்கேன்னாவ.” அக்கா அப்படிச் சொல்லவில்லை. “காபி குடுத்தாவ.”

உடனே கேட்டாள்: “எதுல?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல வரவில்லை. “பேப்பர் கப்புல” என்றேன். பலூன் படம் போட்டது என்பதையும் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ. அவள் சிரித்துவிட்டாள். பல் பிடுங்கினதற்கு அப்புறம் அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். சிரிப்பு நின்றதும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது போல.

“அந்தச் செவப்புப் பொட்டுத் தம்ளர் எங்க இருக்கு? தூரப் போட்டுட்டியா?”

“இல்ல. இருக்கு. பொட்ட சொரண்டிருதேன்.”

“சொரண்டாத. இருக்கட்டும்” என்றாள். “நான் ஞாயித்துக்கெழம வாரேன். எனக்கு வேற தம்ளர் எடுத்து வையி. அது இனிமே ஒனக்கு.”

போனை வைத்துவிட்டாள். அலமாரியின் பின்பக்கமிருந்து அதை எடுத்துக் கழுவினேன். இதை எழுதும்போது பக்கத்தில் அதில்தான் தண்ணீர் இருக்கிறது.